அவளுடைய இடது கண்

கம்பஸுக்குப் போன இரண்டாம் மாதம், காற்றுக் கைத்துப்பாக்கி பழக விரும்புகிறவர்கள் பெயர் தரலாம் என்று விளையாட்டுப் பிரிவின் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வலைப்பந்துக்கு எனக்கு உயரம் போதாது, ஓடுவதற்கு மூச்சுப் போதாது. நின்ற இடத்தில் நின்று செய்யக்கூடிய விளையாட்டு இது ஒன்றுதான் என்று பெயர் கொடுத்தேன். என் அறைத் தோழியும் கூட வந்தாள். அவள் தம்பிலுவில் பிள்ளை, மீன்பிடிக் குடும்பம். நான் சாய்ந்தமருது முஸ்லிம் பிள்ளை. ஊரில் இருந்திருந்தால் ஒரே பஸ்ஸில் போயிருப்போமே தவிர ஒருவரோடு ஒருவர் கதைத்திருக்க மாட்டோம். மலைநாட்டுக் குளிரில், விடுதியில் கிழக்கிலிருந்து வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் ஒரே போர்வைக்குள் இருந்து படித்தோம்.

அவளுடைய கை அசையாத கை. வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு போகும் பஸ்ஸில் ஊசியில் நூல் கோத்து என் ஸ்காஃபின் ஓரத்தைத் தைத்துத் தந்திருக்கிறாள். துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் பயிற்றுநர் அதைத்தான் கவனித்தார். இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சிங்களவர், நல்ல மனுஷன். இந்தப் பிள்ளைதான் அடுத்த வருடம் நம் அணிக்கு முதல் ஆள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அவர் சொல்லித் தந்தது கேட்பதற்கு லேசானது. துப்பாக்கியின் பின்பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும், முன்பக்கத்தில் ஒரு முள். வெட்டின் நடுவில் முள் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். பார்வை முள்ளில் இருக்க வேண்டும், தூரத்து அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும். முள் ஒரு மயிரிழை விலகினாலும் அட்டையில் அது விரலளவு விலகிவிடும். பிறகு விசையை, அது எப்போது விடும் என்று தனக்கே தெரியாத மாதிரி, மெல்ல அழுத்த வேண்டும்.

எனக்கு அது மெல்ல மெல்லப் பிடிபட்டது. அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் சுட்டதெல்லாம் இடது பக்கம் போனது. சிதறிப் போகவில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு நாணயத்தால் மூடிவிடலாம் போல் நெருக்கமாக, ஆனால் இடது ஓரத்தில். வலது கைக்காரர்கள் விசையைச் சட்டென்று இழுத்தால் சுடுவது இடது பக்கம்தான் போகும். அது பயிற்றுநருக்குத் தெரியும். ஆகவே இவள் இழுக்கிறாள் என்று முடிவு செய்தார்.

அவள் என்னிடம்தான் முறையிட்டாள். "முன்னுக்கு இருக்கிற முள் எனக்கு ரெண்டாத் தெரியுது புள்ள. எதை நடுவில வெக்கிறதெண்டு விளங்குதில்ல. சேருக்கிட்ட கேளு."

அவளுக்குச் சிங்களம் வராது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நான் கேட்டேன். அப்படியானால் இடது கண்ணை மூடிக்கொள்ளச் சொல் என்றார். மூடிக்கொண்டாள். முகத்தின் ஒரு பக்கமே சுருங்கி, கன்னம் துடித்து, அந்தத் துடிப்பு கழுத்து வழியாகக் கைக்கு இறங்கியது. கோத்த நூல் நழுவாத அந்தக் கை நடுங்கியது. விசையை அழுத்தும் நேரம் பார்த்து மூடின கண் தானாகத் திறந்துவிடும். சில குண்டுகள் நடுவில், சில இடது ஓரத்தில். கடைசியில் எது எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாமல் போனது.

அணித் தெரிவு நடந்த அன்று அவள் பெயர் இல்லை. பயிற்றுநர் எங்களைக் கூப்பிட்டு, மிகவும் இரக்கத்தோடு ஒரு விஷயம் சொன்னார். இந்தப் பிள்ளை சின்ன வயதில் சண்டை நடந்த பகுதியில் வளர்ந்தவள், வெடிச் சத்தத்துக்கு உடம்பு பயந்து பழகியிருக்கிறது, அது அவளுடைய குற்றமில்லை, ஆனால் அந்தப் பயம் போகாது. நான்தான் தமிழில் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். சின்ன வயதில் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த இரவுகளை அவளே எனக்குச் சொல்லியிருந்தாள். அதனால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவில்லை. நான் போட்டிகளுக்குப் போனேன், ஒரு வெண்கலப் பதக்கமும் வாங்கினேன். அவள் படிப்பு முடித்தாள். பொலிசில் பட்டதாரிகளை எடுக்கிறார்கள், தமிழ் தெரிந்த பெண்கள் தேவை என்று விளம்பரம் வந்தபோது அவளுடைய அப்பா ஆசைப்பட்டார், அவளுக்கும் ஆசை இருந்தது. கடைசியில் விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, துவக்கைக் கண்டால் கை நடுங்கிற ஆளுக்கு எதுக்குப் பொலிஸ் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு ஊரிலேயே பாலர் பாடசாலையில் வேலை, கல்யாணம், இரண்டு பெண் பிள்ளைகள்.

நான் உடற்கல்வி ஆசிரியையாகி ஊரோடு வந்துவிட்டேன். போன வருடம், துப்பாக்கி சுடுதலைப் புதிதாகப் பழக்குகிற ஆசிரியர்களுக்கு என்று கொழும்பில் ஒரு பயிற்சி நடந்தது. அங்கே ஒரு பெண் பயிற்றுநர் துப்பாக்கியைத் தொடவே விடவில்லை. முதலில் எங்கள் கண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதற்குள்ளால் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடினால் மணிக்கூடு மறைகிறதோ, அதுதான் உங்கள் மூளை நம்புகிற கண். கைக்கு வலமும் இடமும் இருக்கிற மாதிரி கண்ணுக்கும் உண்டு, சிலருக்குக் கை வலது, கண் இடது, அவர்களுக்குத் தொடக்கத்தில் முள் இரண்டாகத் தெரியும், சுட்டால் இடது பக்கம் போகும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

என் பக்கத்தில் நின்ற ஆசிரியர் அப்படிப்பட்டவர். அவருடைய மூக்குக் கண்ணாடியின் இடது பக்கத்தில் பயிற்றுநர் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டினார். அவ்வளவுதான். அடுத்த குண்டுகள் நடுவுக்கு வந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தண்ணீர் குடிப்பது போல் வெளியே வந்து நின்றேன்.

ஊருக்குத் திரும்பி, வந்த சனிக்கிழமையே தம்பிலுவிலுக்குப் பஸ் ஏறினேன். நல்ல செய்தி கொண்டு போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"என்னகா, சொல்லாமக் கொள்ளாம?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தாள். நான் வந்தால் மீன்தான் ஆக்குவாள். அன்றும் கணவர் கொண்டு வந்த பாரையைப் பொரித்தாள். சாப்பிட்டு முடிந்த பிறகு, கையை நீட்டி ஓட்டை விட்டுப் பார் என்றேன். விளையாட்டுக்குப் பார்க்கச் சொல்கிறேன் என்று நினைத்து, வேலிக்கு அப்பால் நின்ற தென்னையைப் பார்த்தாள். வலது கண்ணை மூடச் சொன்னேன். தென்னை அப்படியே நிற்கிறது என்றாள். இடது கண்ணை மூடினாள்.

"போயிட்டு. மரத்தக் காணல்ல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முள் இரண்டாகத் தெரிந்தது அதனால்தான், இடது பக்கம் போனது அதனால்தான், கண்ணை இறுக்கி மூடினதால்தான் கை நடுங்கியது, ஒரு துண்டு டேப் போதுமாக இருந்தது. நான் பேசப் பேச அவள் கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது பயமில்லயா?" என்று கேட்டாள்.

"இல்ல. கண்தான்."

உள்ளே சின்ன மகள் எதற்கோ கூப்பிட்டாள். அவள் எழும்பாமல் அந்தத் தென்னையையே பார்த்தாள்.

"எனக்குள்ள ஒரு பயம் கிடக்கெண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன் புள்ள. அது கிடக்கெண்டுதான் பொலிசுக்குப் போகல்ல. கொழும்பில வேல கிடைச்ச நேரமும் போகல்ல. நானொரு பயந்த ஆளெண்டு நினைச்சே எல்லாத்தையும் விட்டுட்டன்." கொஞ்சம் நிறுத்தி, கோபமில்லாமல் சொன்னாள், "இத நீ சொல்லாம விட்டிருக்கலாம்."

கொழும்பு வேலையைப் பற்றி அன்றுதான் எனக்குத் தெரியும். என்னிடம் அவள் சொல்லியிருக்கவே இல்லை. அவள் கையைப் பிடித்தேன். அவள் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள். பஸ் வரும்வரை கூடவே வந்து நின்றாள், பிள்ளைகளுக்கு என்று நான் கொண்டு போன மஸ்கட் இனிப்புக்கு நன்றி சொன்னாள்.

மனம் கேட்காமல் கம்பஸில் எங்களைப் பழக்கிய பயிற்றுநரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்துப் பேசினேன். வயது போய்விட்டது, ஆனால் குரலில் அதே கனிவு. ஸ்காஃப் போட்ட சின்னப் பிள்ளை, வெண்கலம் எடுத்தவள் என்று என்னை உடனே ஞாபகம் வைத்துச் சொன்னார். அவளை ஞாபகமில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அசையாத கை என்றேன், நீங்களே முதல் ஆள் என்றீர்கள் என்றேன். மன்னிக்க வேண்டும் மகள், எத்தனையோ பிள்ளைகள் வந்து போனார்கள் என்றார். அந்தக் காலத்தில் தங்களுக்கும் யாரும் கண்ணைப் பார்க்கச் சொல்லித் தரவில்லை என்றார். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். இதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

நாங்கள் இப்போதும் கதைக்கிறோம். பெருநாளைக்கு அவள் கோல் எடுப்பாள், பொங்கலுக்கு நான் எடுப்பேன், இடையிலும் எடுப்போம். பிள்ளைகளின் இருமல், பாடசாலை, கடல் கொந்தளிப்பு என்று பேச்சு ஓடும். முன்பெல்லாம் கம்பஸ் கதைகளை அவள்தான் எடுப்பாள். விடுதிக் குளிர், ஒரே போர்வை, சேரின் மீசை எல்லாம் சொல்லிச் சிரிப்பாள், நான் மறந்ததைக்கூட அவள் ஞாபகப்படுத்துவாள். தம்பிலுவிலுக்கு நான் போய் வந்த நாளிலிருந்து அந்தக் கதை ஒன்றையும் அவள் எடுப்பதில்லை. நான் எடுத்தால், ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, வேறு ஏதாவது கேட்கிறாள்.