இறுக்கி உருட்டிய சீடை

கடைச் சீடைப் பொட்டலத்தைப் பிரித்ததும் எழுந்த வெண்ணெய் மணத்தில், இன்று லாட்ஜாகிவிட்ட எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டு அடுக்களை கண்முன் வந்தது. ஒரு வருஷம் ஸ்ரீஜயந்தி அன்று, கண்ணன் பிறந்தநாளுக்காக அம்மா எண்ணெயில் போட்ட சீடைகள் படபடவென்று வெடித்து, சுவரிலும் அவள் கழுத்திலும் கொதிக்கக் கொதிக்கத் தெறித்தன. ஓடிவந்த அப்பா, "பெருமாளுக்குப் பண்றச்சே என்னடி அஜாக்கிரதை?" என்று எண்ணெய் சொட்டும் ஜல்லிக்கரண்டியைப் பிடுங்கி அவள் தோளில் ஓங்கி அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

வெடிக்காமலிருக்கத் தளர உருட்ட வேண்டிய சீடையை, கோலி மாதிரி வழவழப்பாக வரவேண்டுமென்று இறுக்கி இறுக்கி உருட்டியவள் ஏழு வயது நான். அம்மாவுக்கு அது தெரியும். என்னைப் பார்க்காமலே, "நான்தான் மாவைச் சரியா சலிக்கலை" என்றாள்.

சாயங்காலம் அந்தத் தோளோடு குனிந்து வாசலிலிருந்து உள்ளே வரை மாக்கோலத்தில் கண்ணன் பாதங்களைப் போட்டாள். வெடிக்காமல் தப்பிய சீடைகளில் ஒன்றை அப்பா என் வாயில் போட்டார். ருசியாக இருந்தது.