பூட்டு உடைந்த டேப்லெட்

அன்வரி பேகம் லேசில் யாரையும் நம்ப மாட்டாள். தி. நகர் உஸ்மான் ரோட்டுக்குப் பின்சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிறது அவளுடைய ஆரி ஒர்க் கடை. ஜாக்கெட்டுக்கு வேலைப்பாடு செய்யக் கொடுக்க வருகிறவர்களைக்கூட, 'உன்னை எந்தக் கடைக்காரி அனுப்பினாள்' என்கிற மாதிரிதான் ஏற இறங்கப் பார்ப்பாள். யாராவது போனை வெளியே எடுத்தால் போச்சு. "போட்டோ கீட்டோ எடுக்கக் கூடாதும்மா" என்று, சட்டத்தில் கட்டியிருக்கும் துணிமேல் இன்னொரு துணியை இழுத்துப் போர்த்திவிடுவாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவள் பட்டவள். முன்பு ஒரு கல்யாணப் பெண்ணுக்காக வரைந்து வரைந்து அழித்து, மாங்காய்க் கொத்துக்குள் கிளி உட்கார்ந்திருக்கும் டிசைன் ஒன்று போட்டாள். அந்தப் பெண் அதை உடுத்துவதற்கு முன்னாலேயே அதே கிளி ஒரு பெரிய கடையின் வாசல் பொம்மைமேல் உட்கார்ந்திருந்தது. யாரோ டிரேசிங் ஷீட்டைக் கொண்டுபோய் நகல் எடுத்துவிட்டார்கள். இந்தத் தொழிலில் திருடன் படத்தைத் தேட மாட்டான், ஷீட்டைத்தான் தேடுவான். கோட்டின்மேல் ஊசியால் குத்திக் குத்தித் துளை போட்ட தாள் அது. துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரைத் தேய்த்தால் டிசைன் அப்படியே இறங்கிவிடும். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ஷீட்டைச் சுருட்டி பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

கொஞ்சமாவது நம்பினாள் என்றால் அது ரத்னா ஒருத்தியைத்தான். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வருகிறவள். சர்க்கரை வியாதி அன்வரியின் கண்ணைத் தின்னத் தொடங்கியபின், பொடி மணி கோத்துத் தைப்பதெல்லாம் ரத்னாவின் கைதான். ரத்னா நின்றுவிட்டால் கடைக்கு ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான். அது அன்வரிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததாலேயே, எவள் வந்து இவளைக் கொத்திக்கொண்டு போவாளோ என்று உள்ளுக்குள் ஒரு உதைப்பும் இருந்தது.

கண் மங்கியபின், பெரிதாக்கிப் பார்த்து வரைவதற்காக ரிச்சி தெருவில் ஒரு பழைய டேப்லெட் வாங்கினாள். வரைந்து வரைந்து குவித்ததில் அதற்கு மூச்சு முட்டிவிட்டது. எடுத்ததற்கெல்லாம் இடமில்லை என்றது. மெமரி கார்டு வாங்கிப் போட்டும் பிரயோசனமில்லை. வரைகிற ஆப், படங்களை உள்ளேதான் வைப்பேன் என்று அடம் பிடித்தது. கீர்த்தி என்கிற பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட் பாதியில் இருக்கும்போதா இந்தத் தொல்லை வர வேண்டும்?

உஸ்மான் ரோட்டுப் பாலத்துக்குக் கீழே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கருணாகரனிடம் கொண்டுபோனாள். அவன் அதை இப்படியும் அப்படியும் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா பேகம்மா, வித்தவன் ரூட் பண்ணி வித்துக்கிறான் போலக்கீது. உனுக்கு நல்லதாப் போச்சு."

"ரூட்டுன்னா இன்னாப்பா?"

"கம்பெனிக்காரன் உள்ள ஒரு பூட்டு போட்டு வெச்சிருப்பான். இதுல அத ஒடைச்சிட்டாங்க. அதனால ஆப்போட டேட்டா மொத்தத்தையும் தூக்கி கார்டுல வெச்சிரலாம். ஆப்புக்கே தெரியாது. உள்ளதான் கீதுன்னு நெனச்சிக்கும்."

இத்தனை சொன்னானே, அவள் காதில் நின்றது ஒன்றுதான். பூட்டை உடைத்துவிட்டார்கள். பூட்டு உடைந்த பெட்டியையா இத்தனை நாளும் கடையில் போட்டு வைத்திருந்தேன்? வேலை முடிகிற வரைக்கும் அவன் விரலை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது அவன், "கார்ட மட்டும் கழட்டிராத பேகம்மா, சொல்ட்டேன்" என்றான். அதுவும் சந்தேகமாகப் போயிற்று. கழற்றக் கூடாது என்று இவன் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறான்? அது உள்ளேயே கிடந்தால் யாருக்கு வசதி? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

நடந்து வருகிற வழியில் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். டேப்லெட்டில் இருப்பது படம். கார்டில் ஏற்றியது அதிலிருந்து எடுத்த ஷீட் மாதிரி. ஷீட்டைப் பூட்டி வைத்துவிட்டால் எவனும் ஒன்றும் கிழிக்க முடியாது. துணிக்கு அது சரியான கணக்கு. டேப்லெட்டுக்குச் சுத்தத் தப்பு.

மறுநாள் மதியம் மணி வாங்கக் கிளம்பினாள். டேப்லெட் ரத்னாவுக்குப் பக்கத்தில், அளவு பார்ப்பதற்காகத் திறந்தபடியே இருந்தது. ரத்னா கை கழுவப் போன சமயம் பார்த்து, ஊசி முனையால் கார்டை நெம்பி எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். "கடையப் பாத்துக்கோடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது கடையில் கீர்த்தியும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். ஜாக்கெட் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். ரத்னாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, ஆப்பத் தொறந்தா ஒண்ணியும் காணோம்க்கா. வெள்ளையா கீது. நான் ஒண்ணுமே பண்ல."

அன்வரி டேப்லெட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். கீர்த்தியின் ஜாக்கெட் கைக்கு வரைந்த டிசைன் இல்லை. பழையது, புதியது எதுவும் இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

"யார்டி வந்தது?"

"யாரும் வர்லக்கா. இவங்க இப்பதான் வந்தாங்க."

"அப்ப நீதான். எந்தக் கடைக்குடி குடுத்த? எடுத்ததும் இல்லாம அழிச்சும் வுட்டியா?"

"இன்னாக்கா இப்டி பேசற?"

பேச்சோடு விட்டிருக்கலாம். பாழாய்ப் போன ஆத்திரம் விட்டால்தானே! அம்மாவும் பெண்ணும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆணியில் தொங்கிய ரத்னாவின் பையை இழுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸ் விழுந்தது. சீப்பு, மாத்திரை அட்டை, பேப்பரில் சுற்றிய நாப்கின் எல்லாம் விழுந்தன. போனையும் வாங்கி நோண்டினாள். அதில் அவள் தேடியது எதுவும் இல்லை. கீர்த்தியின் அம்மா சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரத்னா அழவுமில்லை, சண்டைக்கு நிற்கவுமில்லை. ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அழிந்ததை மீட்க முடியுமா என்று கேட்க அன்வரி கருணாகரனிடம் ஓடினாள். அவன் டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"கார்டு எங்க?"

"பீரோவுல பத்திரமா வெச்சிருக்கேன். அத ஏன் கேக்குற?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "பேகம்மா, அது காப்பி இல்ல. இருக்கறதே அது ஒண்ணுதான். உள்ள ஒண்ணும் கெடையாது. கார்டு இல்லன்னா இது வெறும் பலக."

கார்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் செருகி, அணைத்து, மறுபடி போட்டான். எல்லாம் அப்படியே இருந்தன. பார்த்தும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. யா அல்லா, அந்தப் பெண்ணை என்ன வார்த்தை சொல்லிவிட்டேன், நாலு பேர் எதிரில் என்ன செய்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் கூசியது.

ஆட்டோ பிடித்துக் கோட்டூர்புரம் போனாள். ரத்னா தண்ணிக் குடத்தோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

"என் புத்திய செருப்பாலதான்டி அடிக்கணும். கார்ட கழட்டினது நான்தான். எல்லாம் வந்துருச்சு. மன்னிச்சிரு ரத்னா. நீ இல்லாம எனக்குக் கையே இல்லடி."

ரத்னா குடத்தை இறக்கிவைக்காமலே கேட்டுக்கொண்டாள். "அந்தப் பொண்ணு கல்யாணம் வேற கீது. காத்தால வரேன்" என்றாள். அன்வரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சொன்னபடி காலையில் வந்தாள். அதே சுத்தமான வேலை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், டீ வாங்கிக் குடித்தாள். சாயங்காலம் கிளம்பும்போது பையை எடுத்துவந்து, அன்வரியின் முன்னால் மேஜைமேல் தானாகவே கவிழ்த்தாள்.

"இன்னாடி இது? எடுத்து உள்ள வை மொதல்ல."

"பாத்துக்கோக்கா. நாளைக்கு எதுனா காணோம்னா பேச்சு வரக்கூடாது பாரு."

குரலில் கோபமே இல்லை. திட்டித் தீர்த்திருந்தாலாவது அன்வரிக்கு ஆறியிருக்கும்.

கீர்த்தியின் கல்யாணம் நல்லபடி முடிந்தது. அந்த ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு இன்னும் ரெண்டு மூன்று ஆர்டர் வந்தது. ரத்னா ஒருநாளும் வேலைக்கு மட்டம் போடுவதில்லை. ஒருநாளும் பையைக் கவிழ்க்காமல் போவதும் இல்லை. அந்த நேரம் வந்தால் அன்வரி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அவள் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் ரத்னா பையை மூடாமல் நிற்பாள்.