மருதாணிக் கையும் கேள்வி கேட்கும் பெட்டியும்

பெருநாளுக்கு முதல் நாள், பேத்தி இரண்டு கையிலும் மருதாணியை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். பழங்காநத்தம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மருதாணி அரைத்தது நான். துளி புளி சேர்த்தால் நன்றாகப் பிடிக்கும். சரி, அது கிடக்கட்டும்.

போன் அடித்தது. நான்தான் எடுத்து அவள் காதில் வைத்தேன். கப்பலூர் கம்பெனி முதலாளி. லாரிக்கு எடை போடும் சாப்ட்வேரை அவருக்கு எழுதிக் கொடுத்தவள் இவள். சத்தமாகப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"தங்கச்சி, கம்ப்யூட்டர்ல எடை விழுகவே மாட்டேங்குது. லாரியெல்லாம் வாசல்ல நிக்குது. டிரைவருக பெருநாளைக்கு ஊரு போய்ச் சேரணும்ல? முடியலைன்னா சொல்லிரு, வேற ஆளப் பாத்துக்கிறேன்."

அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. கையைக் கழுவ ஓடினாள். மறித்தேன்.

"இப்பத்தானடி வச்ச? வெளுத்துப்போகும். என்னத்த அமுக்கணும்னு சொல்லு, நான் அமுக்குறேன்."

"நன்னிமா, உங்களுக்கு ஏபிசிடியே தெரியாது!"

"நீ கைய காட்டு, போதும்."

அவளுடைய லேப்டாப்பை என் மடியில் எடுத்து வைத்தேன். ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, கோளாறு எங்கே என்று எட்டிப் பார்க்க வேண்டுமாம். நிறுத்தியதும் ஒரு பெட்டி குதித்து வந்து, உள்ளே போக பாஸ்வேர்டைப் போடு என்றது. நான் எழுத்தைத் தேடிக் குத்துவதற்குள், கப்பலூரிலிருந்து வந்த எடை காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மறுபடி நிறுத்தினோம். மறுபடி பெட்டி.

"இப்பத்தான சொன்னோம்? உன்னையப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்புட்டுக் கேள்வி கேக்கலையேடி!"

சிரித்துவிட்டாள். "நான் வேகமா அடிச்சே பழகிட்டேன் நன்னிமா. இந்தப் பெட்டிய வரவிடாமப் பண்ணணும்னே தோணல. இவ நம்ம ஆளு, இனிமே கேக்காதன்னு ஒருக்கா சொல்லிட்டாப் போதும்."

"பூட்டையே கழட்டிட்டா கள்ளன் வரமாட்டானா?"

"இந்த ஒரு வேலைக்கு மட்டுந்தான். மத்த பூட்டெல்லாம் அப்படியே இருக்கும்."

கறுப்புத் திரை ஒன்றைத் திறக்க வைத்தாள். முழங்கையை நீட்டி, ஒவ்வோர் எழுத்தும் பார்க்க எப்படி இருக்கும் என்று சொன்னாள்: "பாதி நிலா. அடுத்து சீப்பு. அடுத்து புனல்." அமுக்க அமுக்க எழுத்து முளைத்தது. கடைசியாக ஒரு தடவை பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன்.

திரும்பவும் நிறுத்தினோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பெட்டி வரவில்லை! ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத என் விரலை நம்பி, அத்தனை அறிவுள்ள கம்ப்யூட்டர் வாயைத் திறக்காமல் வழி விட்டது. எங்கேயோ நிற்கும் லாரியின் எடை எங்கள் கண் முன்னால் அசையாமல் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"இந்தா இருக்கு! தசமப் புள்ளி வச்சு எடை வந்தா புரோகிராம் முட்டிக்கிட்டு நிக்குது."

அவள் சொல்லச் சொல்ல ஒரு வரியைத் திருத்தினேன். முதலாளிக்குப் போன் போட்டோம்.

"விழுந்திருச்சு தங்கச்சி!" என்றார். அவர் குரலுக்குப் பின்னால் லாரி உறுமியது. நான் இங்கே ஒரு பட்டனை அமுக்க, அங்கே லாரி கிளம்புகிறது.