இருளாயி துப்பவில்லை

என் அக்கா இருளாயியைப் பேய் என்று சொன்னவன் நாக்கு அழுகட்டும். அம்மா செத்தபோது எனக்கு நடக்கக்கூடத் தெரியாது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னை வளர்த்தவள் அவள். தோட்டம் மூடியதும் ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். கல்யாணப் பேச்செடுத்தால், "உனக்குப் பிள்ளை பொறக்கட்டும்டா, அதைத் தூக்கிக்கிட்டுத் திரியறேன்" என்பாள். எங்களுக்கோ வெகுகாலம் பிள்ளையே இல்லை.

கடைசியில் என் மனைவி கௌரி முழுகாமல் இருந்த சமயம் பார்த்து அக்காவின் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டில் புற்றுநோய். அறுத்து எடுத்தார்கள். மிச்சத்தை அழிக்கக் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டு அயோடினை விடாமல் இழுத்துக்கொள்ளுமாம். கூடவே போகும் கதிர் மிச்ச நோயைச் சுட்டுவிடுமாம். ஆனால் கொஞ்ச நாளைக்கு எச்சிலிலும் வியர்வையிலும் அது கசியும். கர்ப்பிணிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

அதனால் பீடோர் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, நாங்கள் பிறந்த தோட்டத்து லயத்தில், ஆள் போய்விட்ட வரிசை வீடுகளில் ஒன்றில் போய்த் தங்கினாள். இப்போது அங்கே பால்மரம் இல்லை, சுற்றிலும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. லயம் முழுக்க இருட்டு. அவள் வீட்டில் மட்டும் விளக்கு. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். கதவு கொஞ்சம் திறக்கும், ஒரு கை மட்டும் வெளியே வரும்.

"பேருதான் இருளாயி, இப்ப வெளிச்சம் அடிக்கிறேன் பாருடா!" என்று உள்ளிருந்து சிரிப்பாள். சொந்த அக்காதான், ஆனாலும் ஓரடி பின்னால் நகர்வேன். செம்பனைக் குலை வெட்ட வந்த ஆட்கள் பேய் என்று வேறு பாதையில் போக ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் அந்தியில் நான் அங்கே நிற்கும்போது, என் மாமியார் நல்லம்மாள் கௌரியைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கௌரிக்குக் கெட்ட கனவுகள், லேசாக ரத்தப்போக்கு வேறு.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. எல்லாம் பிள்ளை இல்லாதவ ஏக்கம்," என்றார். கையில் உப்பு, மிளகாய், கடுகு. கண் போட்டவளே அதில் மூன்று தடவை துப்பினால் திருஷ்டி இறங்கும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"கௌரி, கிட்ட வராதே! தம்பி, அவளைக் கூட்டிட்டுப் போடா!" அக்கா அலறினாள்.

நான் கௌரியைக் காருக்கு இழுத்தேன். மாமியார் கதவிடுக்கில் கையை நீட்டினார்.

"துப்பு."

"என் எச்சில்ல மருந்து இருக்கும்மா. அவளுக்கு ஆகாது. துப்ப மாட்டேன்."

"நல்ல மனசுன்னா ஏன் துப்ப மாட்டே?"

கதவு சாத்திக்கொண்டது.

மாமியார் துப்பாத உப்பு மிளகாயையே கௌரிக்குச் சுற்றி, வாசலில் சருகைக் கொளுத்தி அந்தத் தீயில் போட்டார். மிளகாய் கருகியது. நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் திருஷ்டி இருக்கிறது என்று அர்த்தம். எங்களில் ஒருவரும் தும்மவில்லை. சாத்திய வீட்டுக்குள் அக்கா மட்டும் மூச்சு முட்ட முட்ட இருமினாள். ஐயோ, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ரத்தப்போக்கு நின்றது. மகன் நல்லபடியாகப் பிறந்தான். எல்லாம் தான் சுற்றிப் போட்டதால்தான் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டர் அக்காவிடம் எப்போதோ சொல்லியாயிற்று. அவளோ எங்கள் வீட்டுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மருந்து எப்பவோ போயிருச்சுலா அக்கா! வந்து பிள்ளையத் தூக்கு!"

"மருந்து போயிருச்சுடா," என்றாள். "கண்ணு?"

பையன் தவழ்ந்து போய்க் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தான். அக்கா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள்.