சட்டத்துக்கு ஏற்ற படம்

ஃப்ரேம் கடைக்காரருக்குத் தெருக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'மிச்சம்'. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படவில்லை, ஏதோ பட்டம் வாங்கியவர் போல நிமிர்ந்து நடந்தார்.

பீடிங் கட்டையை மூலை மூலையாகச் சாய்த்து வெட்டிப் படத்துக்குச் சட்டம் போட்டு முடித்தால், கையளவும் விரலளவுமாகத் துண்டுகள் விழும். மற்ற கடைக்காரர்கள் கூட்டித் தள்ளிவிடுவார்கள். இவர் பொறுக்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். வீட்டில் அவருடைய மூளை வேலை செய்யத் தொடங்கும். பல் துலக்கும் பிரஷ்ஷுக்குத் தங்க முலாம் பூசிய ஸ்டாண்ட். சுவிட்ச் போர்டைச் சுற்றிப் பூவேலைப்பாட்டுடன் ஒரு சட்டம். சமையலறையில் மாட்டிய கண்ணாடியில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் தெரியும். "அதுக்கென்ன, இன்னொரு கண்ணை அப்புறம் பாரு" என்பார் மனைவியிடம்.

இந்தக் கூத்தையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். துணி அடுக்குக்கு அடியில் அவள் பத்திரமாக வைத்திருந்த ஒரு போட்டோவுக்குச் சட்டம். தாயில்லாத அவளை வளர்த்து ஆளாக்கிய அக்கா, அவள் தோளில் கைபோட்டுச் சிரிக்கும் படம். அக்கா இப்போது இல்லை. இருவரும் சேர்ந்திருக்கும் படம் அது ஒன்றுதான், வேறு பிரதியும் கிடையாது.

"இரும்மா, தோதான துண்டு சேரட்டும்" என்பார். வீட்டுக்காகப் புதுக் கட்டையில் கைவைப்பதா? ஊர் சிரிக்காதா?

சுவிட்ச் போர்டுகள் எல்லாம் தீர்ந்துபோன பிறகு அவர் குட்டிக் குட்டிச் சட்டங்களாகச் செய்து தள்ளினார். சட்டம் வந்தாயிற்று, படம் வேண்டுமே! கடையில் வாடிக்கையாளரின் படத்தை அளந்து சட்டத்தை வெட்டுகிற மனிதர், வீட்டில் சட்டத்தை அளந்து படத்தை வெட்ட ஆரம்பித்தார். ஆல்பத்தில் இருந்த மைத்துனர் மீசைக்குக் கீழே காணாமல் போனார். அதைச் சுவரில் பார்த்த அன்றோடு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். "காப்பிப் பொடி மிச்சம்" என்று மிச்சம் மகிழ்ந்தார்.

அவள் சிரித்துத் தொலைத்தாள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, கூடத்துச் சுவரில் தங்க நிறச் சட்டத்துக்குள் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "நாலு துண்டும் நாலு கலர். பூசி ஒண்ணாக்கிட்டேன், பாத்தியா? என்ன, பேச்சே வரலையா?"

அவள் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். அக்காவின் கை மணிக்கட்டோடு நின்றிருந்தது. அதற்கு அப்பால் சட்டம்தான்.

"நான் எங்க?" என்றாள்.

"நீதான் குத்துக்கல்லு மாதிரி உயிரோட நிக்கறியே, உனக்கெதுக்குப் படம்? அக்கா இருக்காங்கல்ல?"

"வெட்டுன பாதி எங்கங்க?"

"அதையா கேக்கற? அதுல என்ன இருக்கு, சும்மா காகிதம். காலையில குப்பை வண்டி வந்துச்சு, போட்டுட்டேன்."

அக்கா யாரைத் தொட்டுக்கொண்டு சிரித்தாள் என்பதற்கு இனிமேல் சாட்சி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். கைக்குப் பூவேலைச் சட்டம் போட்ட சுவிட்ச் போர்டுதான் கிடைத்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு விரல் நீளக் கட்டையக்கூட நீங்க குப்பைல போட்டு நான் பார்த்ததில்ல," என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. இந்த வீட்டில் கடைசியில் ஒருத்தியாவது அவரைப் புரிந்துகொண்டாளே!

"ஆமா," என்றார். "எனக்கு மனசே வராது."