சாவி இல்லாத வாட்ச்

சூரமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், பழைய வாட்ச் சேகரிக்கும் ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று என்று நாளுக்கொன்றாகக் கட்டிவருவார். சில அவருடைய தாத்தா கட்டியவை, பல வேறு யாருடைய தாத்தாக்களோ கட்டியவை. போன மாதம் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே சின்ன மோட்டார் இருந்தது. ஆட்டோமேட்டிக் வாட்ச்சைக் கழற்றி அதில் மாட்டிவிட்டால் பெட்டி அதை மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். கையில் கட்டாத நாளிலும் வாட்ச் நிற்காதாம். விலையைக் கேட்டு மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. நாலாவது படிக்கும்போது, அந்தப் பெட்டி செய்கிற வேலையைச் சம்பளமில்லாமல் செய்தவள் நான்.

அவர் என் வாட்ச்சையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் இருக்கும் கீறலைத் தடவி, "இதை மாத்திடலாங்க மேடம், சேலத்துலயே ஆள் இருக்கு" என்றார். மாற்ற வேண்டாம் என்றேன். "அது சரி, ஏன் வலது கையில கட்டறீங்க?" என்று கேட்டார். பழக்கம் என்று சொல்லி வைத்தேன். சிலவற்றுக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல முடியாது.

அது என் பெரியப்பாவின் வாட்ச். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வாசலில் எதிரும் புதிருமாக இருந்தன. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் காலையில் இந்த வீட்டு இட்லியும் மாலையில் அந்த வீட்டு முறுக்குமாக நான் இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாக இருந்தேன். பெரியப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். வருடத்தில் பாதி வடக்கே எங்காவது போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார். அப்படிப் போன இடத்தில் வாங்கியதுதான் அந்த ஆட்டோமேட்டிக் வாட்ச். இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் செயின் போட்டது. அவர் ஊருக்கு வந்தால் முதலில் அந்தக் கையைத்தான் என் காதில் வைப்பார்.

"இதுக்குச் சாவி கெடையாது சாமி. எங் கைதான் சாவி" என்பார்.

உள்ளே ஒரு குண்டு இருக்கிறது, கை அசைய அசைய அது சுற்றும், அது சுற்றச் சுற்ற வாட்ச் ஓடும், கழற்றி வைத்தால் மறுநாள்வரை தாங்கும், அப்புறம் நின்றுவிடும் என்று விளக்குவார். ரிக்கில் நாளெல்லாம் அதிர்ந்த கை அது. அந்தக் கையில் அது ஒருநாளும் நின்றதில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. ஊரில் சாவி கொடுக்கும் வாட்ச் கட்டியவர்களையெல்லாம் பாவப்பட்டவர்களாகப் பார்ப்பார்.

நான் நாலாவது படித்த வருடம் ஆடியில் அவருக்கு இடதுபக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து, வாய் சற்றே கோணி, இடது கையும் காலும் விழுந்தவராக வீட்டுக்கு வந்தார். வந்ததும் கேட்டது வாட்ச்சைத்தான். பெரியம்மா அதை ஆட்டி ஓடவைத்து, நேரம் பார்த்துத் திருகி, செயினை விரித்து அந்தத் துவண்ட கையில் ஏற்றிவிட்டார். அன்று மாலைவரை ஓடியது. அப்புறம் நின்றது.

பெரியப்பா வலது கை விரலால் அதைத் தட்டிப் பார்த்தார். "வாட்ச்சே சொல்லிப்போடுச்சு. இனி இந்தக் கை இல்ல" என்றார்.

அன்றிலிருந்து எண்ணெய் தேய்த்துவிட வருபவரைத் தொடவிடவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சி எதையும் செய்யவில்லை. சோற்றையும் பாதியோடு தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் அப்பா போய், "வலங்கைல கட்டிக்குங்கண்ணா, ஓடீட்டுத்தான இருக்கும்" என்று தன்னால் ஆன யோசனையைச் சொன்னார்.

"வலங்கைல கட்டறது கை போனவன் கட்டறது. அத பீரோவுல வெச்சுப் பூட்டுங்க" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மனுசன் இப்படியே படுத்தால் எழுந்திருக்க மாட்டான் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

பெரியம்மா அதிகம் பேசாதவர். நாலு நாள் கழித்து அவர்தான் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். மடியிலிருந்து வாட்ச்சை எடுத்தார்.

"அம்மிணி, இதக் கட்டிக்கிட்டுப் பள்ளிக்கொடம் போயிட்டு வரோணும். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. சும்மா உக்கார்ற வேலையே வெச்சுக்காத. ஓடு, ஆடு, கைய வீசு" என்றார்.

சமையல்கட்டில் நின்று கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிப்பார்த்தாராம். அப்படி ஆட்டினால் சித்த நேரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. தானே கட்டிக்கொள்ளலாமென்றால் நாளெல்லாம் பெரியப்பாவின் கட்டிலருகில் இருக்க வேண்டியவர். நாள்முழுக்க ஒரு கையில் கிடந்து ஆடினால்தான் ராத்திரி தாண்டி ஓடும். ஊரில் அப்படி ஒரு கை இருந்ததென்றால் அது என் கைதான். அதுவரை "ஓடாதடி, ஆடாதடி" என்று என்னை வையாத ஆளில்லை. ஓடச்சொல்லி ஒருவர் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

என் மணிக்கட்டில் அது தங்காமல் நழுவியது. முழங்கைக்குமேல் ஏற்றி, சட்டைக் கைக்குள் மறைத்துவிட்டார். அன்று நான் போட்ட ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. பிரேயரில் கையை வீசி நின்று பிரம்படி வாங்கினேன். இடைவேளையெல்லாம் கயிறு தாண்டினேன். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது கையால் தாளம் போட்டதில் வகுப்பே சிரித்தது. மாலையில் பெரியம்மா அதை என் கையிலிருந்து உருவி முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஏனுங்க, நேத்து தூக்கத்துல உங்க இடங்கை அசைஞ்சுதுங்க. நான் பாத்தேன். ஒருக்காக் கட்டித்தான் பாக்கலாமுங்க."

பெரியப்பா வேண்டாம் என்றார். பெரியம்மா கேட்காமல் ஏற்றிவிட்டார். மறுநாள் விடிந்ததும் நான் போய் எட்டிப்பார்த்தபோது, பெரியப்பா வலது கையால் இடது கையைத் தூக்கிக் காதருகே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஓடுதாட்ட இருக்குதே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. அன்று எண்ணெய்க்காரர் வந்தபோது கையைத் தானே எடுத்து நீட்டினார்.

பெரியம்மாவுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. எண்ணெய் பட்டால் வாட்ச் கெட்டுவிடும் என்று காலையில் கழற்றுவார். பீரோவில் இருப்பதாகப் பேர், இருப்பது என் கையில். மாலையில் வெந்நீர் ஊற்றித் துடைத்தபின் மறுபடி ஏறும். ராத்திரியெல்லாம் அது ஓடும். தன் கைதான் அதை ஓட்டுகிறது என்று பெரியப்பா நம்புவார். கொஞ்ச நாளில் முழுச் சாப்பாடு சாப்பிட்டார். விட்டத்தில் கயிறு கட்டச்சொல்லி, வலது கையால் இழுத்து இடது கையை மேலே தூக்கிப் பழகினார். கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்க ஆரம்பித்து, தடியூன்றி வாசல்வரை வந்தார். கை மட்டும் வந்தபாடில்லை.

எனக்கு இதில் வந்த மப்பைச் சொல்லி முடியாது. ஒரு பெரிய மனுசனின் கையே என் தயவில் ஓடுகிறது! ரகசியம் என்று பெரியம்மா சொன்னதைக் காப்பாற்றத்தான் செய்தேன், இரண்டே சிநேகிதிகளிடம் மட்டும் சொன்னேன். அவர்கள் என் சட்டைக் கையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு மரியாதையோடு விலகி நின்றார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் பள்ளிக்கூட மைதானத்தில் நொண்டி விளையாடும்போது வேகமாகப் போய்ச் சுவரில் மோதி விழுந்தேன். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. வாட்ச் கண்ணாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கீறல். ரத்தத்துக்கு அழவில்லை, கீறலுக்கு அழுதேன். பெரியம்மா என்னைத் திட்டவில்லை. காயத்தில் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, போகும் உயிரைப் பிடித்துக்கொண்டவர்போல வாட்ச்சோடு உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"பீரோக் கதவு பட்டுப்போச்சுங்க" என்றார்.

பெரியப்பா கீறலைப் பார்த்தார். அப்புறம் கதவோரம் நின்ற என் முழங்கையில் மஞ்சளைப் பார்த்தார். கோபிப்பார் என்று எண்ணி நான் பெரியம்மா முதுகுக்குப்பின் ஒதுங்கினேன்.

"போனாப் போகுது, கண்ணாடிதான" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஓடறப்ப பாத்து ஓடோணும் சாமி" என்றார். காயம்பட்ட பிள்ளைக்கு எந்தப் பெரியவரும் சொல்கிற புத்திமதிதானே என்று நான் தலையாட்டினேன்.

தை பிறந்ததும் பொங்கலுக்கு எடப்பாடியில் மாமன் வீட்டுக்குப் போனோம். போகும்போது என் கவலையெல்லாம் வாட்ச்சைப் பற்றித்தான். பெரியம்மாவிடம் கேட்டேன். "நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா சாமி" என்றார். ஆனால் அவர் முகத்தில் தெம்பில்லை. பொங்கலுக்கு எண்ணெய்க்காரரும் ஊருக்குப் போய்விட்டார். எண்ணெய் இல்லையென்றால் வாட்ச்சைக் கழற்ற என்ன சாக்குச் சொல்வது? மாமன் வீட்டில் கரும்பைக் கடித்துக்கொண்டே, இந்நேரம் நின்றிருக்கும், இந்நேரம் பெரியப்பா சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பார் என்று நினைத்து நினைத்து மருகினேன். கரும்பு இனித்ததா என்று நினைவில்லை.

கரிநாள் கழிந்து திரும்பிவந்து பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினேன். பெரியம்மா என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதார். நின்றே விட்டது என்று நினைத்தேன்.

"நெசமாலுமே கை வந்துருச்சு அம்மிணி! இத்தன நாளு கழட்டவே இல்ல. நாந்தொடவே இல்ல. நிக்காம ஓடுது!" என்று காதில் சொன்னார். குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்திருப்பதாகவும் சொன்னார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

உள்ளே பெரியப்பா போர்வை போர்த்திக் கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது கை போர்வைக்கு வெளியே, வாட்ச்சோடு, மடியில் கிடந்தது. காதை வைத்துப் பார்த்தேன். ஓடியது. பெரியப்பா வலது கையை வெளியே எடுத்து என் கன்னத்தைத் தட்டினார். அந்த மணிக்கட்டைச் சுற்றிலும் சிவந்து கன்றிப்போயிருந்தது. பாயில் படுத்தெழுந்த கன்னத்தில் கோரைத் தடம் இருக்குமே, அதுபோலச் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு தடம்.

"இது என்னங்க பெரியப்பா?" என்றேன்.

"கட்டலு கவுறு அழுத்துனது" என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு, பெரியம்மா சமையல்கட்டில் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "இனி நீ பள்ளிக்கொடத்துக்கு நடந்தே போலாம் சாமி."

அதற்கப்புறம் வாட்ச் என் கைக்கு வரவில்லை. எண்ணெய் பட்டால் பட்டுப்போகிறது, கழற்ற வேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அவர் இருந்தவரை, இன்னும் பல வருடங்கள், அது அந்த அசையாத இடது கையில் நிற்காமல் ஓடியது. வருவோர் போவோரிடமெல்லாம் பெரியம்மா அந்தக் கையைத் தூக்கிக் காதில் வைத்துக் காட்டுவார். வெளியே தெரியாட்டியும் உள்ளே உசிர் இருக்குது என்பார். பெரியப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு வேலை கிடைத்தபோது பெரியம்மா வாட்ச்சை என்னிடம் கொடுத்தார். "உங்க பெரியப்பன் கை ஓட்டுன வாட்ச்சு" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆமாங்க என்று வாங்கிக்கொண்டேன். அது பொய்யில்லையே. எந்தக் கை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது செய்து பார்த்தேன். இடது கையை மடியில் செத்ததுபோலப் போட்டுவிட்டு, வலது கை விரல்களால் அதிலிருந்து வாட்ச்சை உருவினேன். அதுவரை சுலபம். உருவியதை அதே வலது கைக்கு ஏற்றுவதுதான் பாடு. செயினைப் பல்லால் கடித்து, தொடையில் அழுத்தி, விரல்களைக் குவித்து நுழைத்தேன். நழுவியது. மறுபடி கடித்தேன். வாயெல்லாம் இரும்பு ருசி. ஏறியபோது கைமயிர் இரண்டு செயினில் சிக்கிப் பிடுங்கிக்கொண்டு வந்தது. மணிக்கட்டில் சின்னச் சின்னக் கட்டங்களாக அதே தடம் விழுந்தது. இதைப் பெரியப்பா ஒவ்வொரு ராத்திரியும் பெரியம்மா கண்ணயர்ந்தபின் செய்திருக்கிறார். பெரியம்மா எழுவதற்குமுன் திரும்ப இடது கைக்கு மாற்றியும் இருக்கிறார். கை போனவன் கட்டுவது என்று சொன்ன வாய்தான் அதைக் கடித்து ஏற்றியிருக்கிறது. நான் அழுதுவிட்டேன். அப்புறம் அதை இடது கைக்கு மாற்ற மனம் வரவில்லை.

ஆனால் அந்தத் தை மாதத்தில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கட்டில் கயிறு அழுத்தினால் தடம் கட்டங்கட்டமாகவா விழும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பெரியப்பாவுக்குக் கை வந்துவிட்டது, என் வேலை போய்விட்டது, இதுதான் எனக்குத் தெரிந்தது. வாசலில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போய், மூலையில் உட்கார்ந்து விசும்பினேன். அம்மா என்னவென்று கேட்டதற்கு, இனிமேல் என்னை யார் ஓடச்சொல்வார்கள் என்றேன்.