ஊசி அறைக்கு ஒரு கைலி

போன வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு நடந்தது இது. நாங்கள் மலேசியாவில் கிள்ளான்வாசிகள். என் தம்பிக்கு மனநோய். மாதம் ஒரு தடவை சிலுவாரை, அதாவது காற்சட்டையை, கொஞ்சம் இறக்கி இடுப்பில் ஊசி போட்டாக வேண்டும். போட்டால் லோரி கம்பெனி வேலைக்குப் போவான், என்னோடு வம்பளப்பான், வயிறாரச் சாப்பிடுவான். தவறினால் காதுக்குள் குரல்கள் திரும்ப வந்துவிடும். ஒரு முறை அப்படித் தவறி, நாங்கள் பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த மாதம் ஆஸ்பத்திரி கிளினிக் வாசல் வரைக்கும் வந்தவன், உள்ளே வரமாட்டேன் என்று நின்றுவிட்டான்.

"நான் வரல லா அக்கா. கதவத் தொறந்து போட்டுக்கிட்டு சிலுவார எறக்கச் சொல்றாங்க. வரிசையில நிக்கிற அத்தன பேரும் பாக்குறாங்க. எனக்கு மூளையிலதான் நோவு, வெக்கம் கூடவா இருக்காது?"

நேராகப் போய் ஊசி போடும் தாதியிடம் கேட்டேன். நம் தமிழ்ப்பெண்தான். கதவை ஒவ்வொரு ஆளுக்கும் மூடித் திறந்தால் வரிசை நகராது, திரைக்கு எழுதிப் போட்டு ரொம்ப நாளாகிறது, இன்னும் வரவில்லை என்றார். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் மேலிடத்தில் கோப்பு நகரும் வரைக்கும் என் தம்பி ஊசியில்லாமல் இருக்க முடியுமா?

காரில் அவனுடைய கைலி ஒன்று கிடந்தது. அதை எடுத்து வந்து, ஊசி அறை வாசலின் குறுக்கே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். "உள்ள போடா, ஒரு பய பாக்க முடியாது" என்றேன். போனான்.

"அக்கா, இது ஆஸ்பத்திரி, பாசார் இல்ல!" என்று தாதி சத்தம் போட்டார்.

"திரை வர்ற வரைக்கும் இதுதான் திரை, மிஸ்ஸி."

தம்பி ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்த பிறகும் நான் கைலியை இறக்கவில்லை. அடுத்து நின்ற மலாய்க்காரருக்கும் பிடித்தேன். அவருடைய மனைவி வந்து கைலியின் மறுமுனையை வாங்கிக்கொண்டார். வரிசை முடியும் வரைக்கும் இரண்டு பேரும் நகரவே இல்லை. தோள்பட்டை விண்விண் என்று வலித்தது. வலித்தால் வலிக்கட்டும்!

சங்கதி மேலே போய்விட்டது. சேவையை மேம்படுத்தப் போகிறோம், குடும்பத்தார் வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று கூட்டத்துக்கு அழைத்தார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே எனக்கு மட்டும்தான் நாற்காலி. கூட்டம் நடத்திய அதிகாரி சிரித்த முகத்தோடு, "அவர் வெளிய இருக்கட்டும் மேடம், நீங்க பேசுனா போதும்" என்றார்.

சுர்ரென்று ஏறியது எனக்கு. "ஊசி எனக்கா போடுறீங்க?" என்று கேட்டுவிட்டு உட்காராமல் நின்றேன். கைலி பிடித்த அந்த மலாய் அம்மாவும் வந்திருந்தார். அவரும் எழுந்து நின்றார். வேறு வழியில்லாமல் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள்.

தம்பி மேசையைப் பார்த்தபடியே, எதிரே இருந்த கிளினிக் டாக்டரிடம் மெதுவாகக் கேட்டான்: "டாக்டர், உங்களுக்கு ஊசி போட்டா, கதவத் தொறந்து வைப்பாங்களா?"

டாக்டர் அவனைப் பார்த்து, "மாட்டாங்க" என்றார். அடுத்த மாதம் நாங்கள் போனபோது அறை வாசலில் பச்சைத் திரை தொங்கியது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அண்மையில் புதிதாக வந்த ஒரு தாதி, அவசரத்தில் திரையை ஒதுக்கியே வைத்திருந்தார். நான் வரிசையில் நின்றபடி, அன்றிலிருந்து கூடவே கொண்டுவரும் கைலிக்காகப் பைக்குள் கையை விட்டேன். அதற்குள் உள்ளேயிருந்து தம்பியின் குரல் கணீரென்று கேட்டது.

"மிஸ்ஸி, மொதல்ல திரைய இழுங்க. அப்புறம்தான் சிலுவார்."

திரை சர்ரென்று மூடியது. அந்தக் கைலி இன்னமும் என் பையில்தான் இருக்கிறது, ஆனால் தன் மானத்துக்காகப் பேச என் தம்பிக்கு இனி நான் தேவையில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலை நிமிர்கிறது.